வம்சாவளியை எங்கே எழுதி வைப்பது? பொது மரமா, சொந்த மரமா?

மூதாதையரைத் தேடக் கிளம்பும் பலர், கண்ணில் பட்ட முதல் தளத்திலேயே கணக்குத் திறந்து பெயர்களை ஏற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். கொஞ்சம் நிதானிக்கலாம். பழைய பதிவேடுகளை எங்கே தேடுகிறோம் என்பது ஒரு கேள்வி, கிடைத்ததை எங்கே எழுதி வைக்கிறோம் என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே தளம்தான் விடை என்று கட்டாயம் இல்லை.

தேடுவதற்கு என்னுடைய ஓட்டு ஃபேமிலிசர்ச் தளத்துக்கு. மார்மன் திருச்சபை நடத்துவது, முழுக்க இலவசம். 1938 முதல் உலகெங்கும் பதிவேடுகளை மைக்ரோஃபிலிம் என்ற சிறு படச்சுருளில் படம்பிடித்து, சுமார் 24 லட்சம் சுருள்களை 2021-ல் டிஜிட்டலாக்கி முடித்தார்கள். சில படங்களை மட்டும் அவர்களுடைய மையங்களுக்குப் போய்த்தான் பார்க்க முடியும்.

எழுதி வைப்பதற்கும் அதுவே சரியா? அங்கேதான் எனக்குத் தயக்கம். உலகம் மொத்தத்துக்கும் அங்கே ஒரே வம்சாவளி மரம். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பக்கத்தை ஒன்றுவிட்ட சொந்தக்காரரும் திருத்தலாம், சம்பந்தமே இல்லாதவரும் திருத்தலாம். ஒரே ஊரில் ஒரே பெயரில் வாழ்ந்த இரண்டு பெண்களை யாரோ ஒருவராகச் சேர்த்துவிட்டார் என்று வையுங்கள். தாய் இறந்து மூன்று வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளைகள் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்! யார், எப்போது, எதை மாற்றினார் என்ற விவரம் அங்கேயே இருக்கும், பழையபடி மாற்றவும் செய்யலாம். ஆனால் அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நல்லவேளை, உயிரோடு இருப்பவர்களின் விவரம் வெளியே தெரியாது.

விக்கிட்ரீ என்ற தளமும் இலவசம், பொது மரம். ஆனால் கறார் அதிகம். ஆதாரம் கேட்பார்கள், 1700-க்கு முந்தையவர்களின் பக்கத்தைத் தொடத் தனித் தகுதி வேண்டும். அந்தக் கறாரே அதன் பலம்.

ஆன்செஸ்ட்ரி என்ற சந்தா தளத்தில் மரம் உங்களுடையது, வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள். சிக்கல் வேறு இடத்தில். பிறர் மரத்தில் இருப்பதை அது உங்களுக்கு யோசனையாக எடுத்துக் காட்டும். சரிபார்க்காமல் ஒரு சொடுக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஒருவர் செய்த தப்பு இப்படித்தான் ஊர் முழுக்கப் பரவுகிறது. சந்தா முடிந்தாலும் மரம் இருக்கும், ஆனால் அதில் இணைத்த பதிவேட்டுப் படங்கள் பலவற்றைத் திறக்க முடியாது.

அப்புறம் கிராம்ப்ஸ். சொந்தக் கணினியில் ஓடும் இலவச மென்பொருள். முதல் வாரம் கொஞ்சம் படுத்தும், தோற்றமும் சுமார்தான். ஆனால் ஒவ்வொரு தகவலுக்கும் ஆதாரத்தைத் தனியே குறித்து வைக்க வசதி இருக்கிறது. இரண்டு பதிவேடுகள் இரண்டு பிறந்த தேதி சொன்னால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். நான் மரத்தை வைக்கச் சொல்வது இங்கேதான். பேக்கப் எடுப்பது மட்டும் உங்கள் பொறுப்பு.

ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஒன்றைக் கவனியுங்கள். மரத்தை எடுத்துச் செல்ல எல்லோரும் பயன்படுத்துவது 1984-ல் வந்த ஜெட்காம் கோப்பு முறை. ஆன்செஸ்ட்ரியில் அதை நேரடியாக இறக்கலாம்; ஃபேமிலிசர்ச்சின் பொது மரத்தை எடுக்க வேறொரு மென்பொருளின் துணை வேண்டும். ஜெட்காமில் பெயர், தேதி, உறவுமுறை எல்லாம் வந்துவிடும், படங்கள் பெரும்பாலும் வராது. சந்தா ஓடும்போதே அவற்றைத் தனியாக இறக்கி, கோப்பின் பெயரிலேயே ஆள், ஆண்டு, ஊர் மூன்றையும் எழுதிவிடுங்கள்.