மண்டாய்க்குப் போகுமுன் ஒரு தடவை

ஊருக்குப் போகிறேன் என்று ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் யாரிடம் சொன்னாலும் “சென்னையா, மதுரையா?” என்றுதான் கேட்பார்கள். என் ஊர் சிங்கப்பூரின் ஜூரோங் வெஸ்ட். அரசு கட்டிக் கொடுத்த அடுக்குமாடியில் பத்தாவது மாடி வீவக வீடு, கீழே கோப்பிக்கடை, பக்கத்தில் பூன் லே எம்ஆர்டி ரயில் நிலையம். தாத்தா காலத்தில் தஞ்சாவூர் பக்கத்திலிருந்து வந்தோம் என்பார்கள். ஆனால் தூக்கத்தில் எழுப்பி ஊர் எது என்று கேட்டால் என் வாயில் வருவது ஜூரோங்தான்.

2022 டிசம்பரில் மூன்று வருடத்துக்குப் பிறகு போனேன். அப்பாவுக்கு 78 வயது. முழங்கால் போய்விட்டதால் சக்கர நாற்காலியில்தான் வெளியே வருகிறார். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே தொலைபேசியில், “பறவைப் பூங்காவை ஜனவரி மூணாம் தேதியோட மூடுறாங்களாம். நீ வந்தா ஒரு தடவை போயிட்டு வந்துடலாம்” என்றார். எதுவும் வேண்டும் என்று கேட்காத மனுஷன். அதனால் டிக்கெட் போடும்போதே இந்த ஒரு நாளை ஒதுக்கி வைத்தேன்.

ஜூரோங் பறவைப் பூங்கா 1971 ஜனவரி 3ஆம் தேதி திறந்தது. மூடியது 2023 ஜனவரி 3. நாள் கூடப் பிசகாமல் 52 வருடம். எங்கள் பேட்டைக்காரர்களுக்கு அது வெறும் சுற்றுலாத் தலம் இல்லை. ஜூரோங் அறுபதுகளில் சதுப்பு நிலம். அதைத் தூர்த்துத் தொழிற்பேட்டை கட்டப் போகிறோம் என்றபோது ‘கோவின் முட்டாள்தனம்’ என்றே கேலி பேசினார்கள். அந்தக் கோ, சிங்கப்பூர் அமைச்சராக இருந்த டாக்டர் கோ கெங் சுவீ. உலக வங்கிக் கூட்டத்துக்காக ரியோ டி ஜெனிரோ போனவர், அங்கே விலங்குத் தோட்டத்தில் ஆட்கள் உள்ளே நடந்து போகும்படி இருந்த பெரிய பறவைக் கூண்டைப் பார்த்து மயங்கி, அதேபோல ஒன்றை இந்தத் தொழிற்பேட்டையில், ஜூரோங் குன்றின் சரிவில் வைக்கலாம் என்றார். சுற்றிலும் கப்பல் பட்டறை, இரும்பாலை, டயர் வாசனை. நடுவில் ஃபிளமிங்கோ.

அப்பா கப்பல் பட்டறையில் வெல்டர். அவருடைய கணக்கு வேறு. “சிங்கம் வாங்கினா தினம் இறைச்சி போடணும். பறவைன்னா தானியம். கோ நிதியமைச்சரா இருந்தவர்ல்ல” என்பார். இந்தக் கதையைச் சின்ன வயதில் நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். சாங்கி விமான நிலையத்தில் இறங்கி வெளியே வர எனக்கும் மகனுக்கும் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அதுவே பெரிய பாராட்டு. நுழைவுச்சீட்டு இணையத்தில் எடுத்தேன். முதியோருக்குச் சலுகை இருந்தது. பள்ளி விடுமுறை, மூடப்போகிறார்கள் என்ற செய்தி, இரண்டும் சேர்ந்ததால் வார நாளாகப் பார்த்தும் கூட்டம் இருக்கும் என்று அண்ணி எச்சரித்தார். காலையிலேயே கிளம்பினோம்.

கிளம்பிய இடத்திலேயே தகராறு. வீட்டிலிருந்து பூங்கா கூப்பிடு தூரம்தான், ஆனாலும் அப்பாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று ஒரு செயலியில் வண்டி பதிந்தேன். வந்த ஓட்டுநர் சக்கர நாற்காலியைப் பார்த்தார், கண்ணாடியைக் கூட இறக்கவில்லை, அப்படியே வளைத்துக்கொண்டு போய்விட்டார். கைப்பேசியில் ‘ரத்து’ என்று வந்தது. இரண்டாவது வண்டிக்காரர் நின்றார். மடிக்கிற நாற்காலிதான் என்று சொன்னேன். பின்னால் சாமான் இருக்கிறது, இடமில்லை என்றார். அந்தச் செயலியில் புகார் எழுதினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. அதற்கு மேல் இன்றுவரை ஒன்றும் வரவில்லை. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் போகிறவர்கள், சக்கர நாற்காலி ஏறும் வண்டியை முந்தின நாளே தனியாகச் சொல்லி வையுங்கள். எல்லாம் கைப்பேசியிலேயே நடக்கிறதே என்று மெத்தனமாக இருந்தது என் தப்பு.

“பஸ்ல போவோம்” என்றார் அப்பா. எனக்குத் தயக்கம். நான் ஊரை விட்டுப் போன காலத்தில் பேருந்தில் ஏற மூன்று படி ஏற வேண்டும். பூன் லே முனையத்தில் 194க்குக் காத்திருந்தோம். பேருந்து வந்ததும் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, முகக்கவசத்தை இழுத்து விட்டுக்கொண்டு, தானே இறங்கி வந்தார். அப்போது பேருந்திலும் ரயிலிலும் முகக்கவசம் கட்டாயம். நடு வாசலில் குனிந்து, தரையோடு தரையாக மடிந்து கிடந்த சாய்தளத்தை ஒரு கொக்கியால் தூக்கி நடைபாதை மேல் போட்டார். டங் என்ற சத்தம். நாற்காலியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, அப்பாவின் கால்களைப் பார்த்து, “அங்கிள், காலை உள்ள வெச்சுக்குங்க” என்றார். தமிழில்! மலேசியாவின் ஜோகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வந்து வண்டி ஓட்டுகிறவராம். உள்ளே நாற்காலிக்கென்று இருந்த இடத்தில் முதுகை முன்பக்கமாகத் திருப்பி நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, அதை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் தன் இருக்கைக்குப் போனார். பேருந்தில் இருபது பேராவது இருந்திருப்பார்கள். ஒருத்தர்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. 2020 டிசம்பரிலிருந்து சிங்கப்பூரின் எல்லாப் பொதுப் பேருந்தும் சக்கர நாற்காலி ஏறக்கூடியவைதானாம். அண்ணன் அப்புறம் சொல்லித்தான் தெரிந்தது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

பூங்கா வாசலில் கூட்டம் இருந்தது, ஆனால் வரிசை நகர்ந்தது. உள்ளே போனதும் ஃபிளமிங்கோக்கள். அந்த இளஞ்சிவப்பு மட்டும் நான் நாலாம் வகுப்பில் பார்த்தபோது இருந்த மாதிரியே இருந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாகக் கை கோத்துக் கூட்டி வந்தார்கள். மீ சியாம் பொட்டலத்தோடு ஒரு குளக்கரையில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. எந்தக் குளம் என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்பாவின் நாற்காலிக்கு முன்சக்கரத்தில் ஒரு கீச்சு. எண்ணெய் போட்டும் போகாத கீச்சு. மைனாக்கள் இருந்த கூண்டுப் பக்கம் போனபோது உள்ளேயிருந்து ஒன்று அதே சுருதியில் பதில் சொன்னது. நான் நாற்காலியை முன்னும் பின்னும் தள்ளினேன், அது மறுபடி சொன்னது. பின்னால் வந்த சீனப் பாட்டி ஒருவர் சிரித்துவிட்டுத் தன் பேரனைக் கூப்பிட்டுக் காட்டினார். அங்கேயே ஐந்து நிமிடம் போயிற்று. காசு கொடுத்துப் பார்த்த காட்சிகளைவிட எங்களுக்கு இதுதான் பிடித்தது.

லோரி என்னும் கிளிகள் இருந்த பெரிய வலைக்கூடத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தேன்நீர் விற்றார்கள். அதை நீட்டினால் வானவில் நிறத்தில் பறவைகள் கையில் வந்து உட்காரும். என் மகன் முகத்தைச் சுளித்தான். “அம்மா, இது நம்ம தெருவுல மரம் மரமா கத்திக்கிட்டிருக்குமே, அதுதானே?” அதேதான். பெர்த்தில் வானவில் லோரிகீட் வெளியிலிருந்து வந்து பெருகிப்போன தொல்லை. பழத்தோட்டக்காரர்கள் அதன் பெயரைச் சொன்னாலே திட்டுவார்கள். இங்கே அதற்குக் காசு கொடுத்துத் தேன் ஊட்டுகிறோம். ஆனாலும் அப்பாவின் மணிக்கட்டில் ஒன்று உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்த அரை நிமிடம் அவர் மூச்சுகூட விடவில்லை. வெல்டிங் பொறி பட்டுத் தழும்பேறிய கை அது. அந்தப் பறவையின் நாக்கு நுனியில் தூரிகை மாதிரி மயிர்க் குச்சம் இருக்கிறது. கிண்ணத்தின் அடியை அது துடைத்து எடுத்ததைக் கிட்டத்தில் பார்த்தேன்.

இருவாட்சிகள் இருந்த பக்கம் அதிக நேரம் நின்றோம். வால்பாறைக் காடுகளில் இருக்கும் அதே பெரிய இருவாட்சிதான். 2018இல் இந்தப் பூங்காவில் ஓர் ஆண் இருவாட்சிக்கு அலகுக்கு மேலே கொண்டை மாதிரி இருக்குமே, அந்தப் பகுதியில் புற்றுநோய் வந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு, முப்பரிமாண அச்சில் செய்த செயற்கைக் கொண்டையைப் பொருத்தினார்கள். பறவைக்கு ஜாரி என்று பெயர் வைத்தார்கள். நாளிதழில் படம் பார்த்த ஞாபகம் அப்பாவுக்கு இருந்தது. “எனக்கு முட்டி மாத்தச் சொன்னப்போ நான் அந்தப் பறவையைத்தான் நெனச்சேன். அப்புறம் பயந்துட்டேன்” என்றார். அறுவை சிகிச்சை வேண்டாம் என்று அவர் பிடிவாதம் பிடித்ததற்கு நாங்கள் வேறு என்னென்னவோ காரணம் கற்பித்துக்கொண்டிருந்தோம்.

அருவிக் கூடத்துக்குப் போகும் வழி சரிவு. ஏற்றத்தில் மகன் தள்ளினான், இறக்கத்தில் நான் பின்னுக்கு இழுத்துப் பிடித்தேன். முப்பது மீட்டர் உயரச் செயற்கை அருவி, அதைச் சுற்றி வலை போட்ட காடு, அதற்குள் பறவைகள் பாட்டுக்குத் திரிந்தன. கோ ரியோவில் பார்த்து வந்த யோசனை இதுதான். முன்பு இதற்குள்ளேயே ஒற்றைத் தண்டவாள ரயில் வந்து நிற்கும். 1992இல் ஓட ஆரம்பித்தது, 2012இல் நிறுத்திவிட்டார்கள். அந்த ரயிலில் குளிர்சாதனம் இருந்ததால், வெயிலுக்குப் பயந்து இரண்டு சுற்று அதிகமாக உட்கார்ந்து வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இப்போது அருவிச் சாரல் மட்டும் முகத்தில் அடித்தது. அம்மா இதே கைப்பிடிச் சுவர் பக்கத்தில், கண்டாங்கிச் சேலையில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அப்பா நாற்காலியை அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

இரண்டு மணிக்கு டிசம்பர் மழை கொட்டியது. கூரை இருந்த இடத்தில் ஒதுங்கினோம். அங்கேயே எங்களைப் போல ஒதுங்கியிருந்த பெரியவர் ஒருவர், ஜூரோங்கிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற மலாய்க்காரர், அப்பாவோடு பேச ஆரம்பித்தார். இருவரும் பசார் மலாயில், அதாவது கடைத்தெருப் பேச்சு மலாயில், எந்தப் பட்டறை, எந்த ஷிஃப்ட், எந்தக் கான்டீனில் ரொட்டி நன்றாக இருக்கும் என்று அரை மணி நேரம் பேசினார்கள். பறவைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுற்றிப் பார்த்தால் அன்று வந்திருந்தவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் தெரிந்தார்கள். பிள்ளைகளுக்குப் பறவை காட்ட வந்த மாதிரித் தள்ளுவண்டியோடு வந்திருந்தாலும், கண் என்னவோ மரத்தையும் சுவரையும் பெஞ்சையும் தேடிக்கொண்டிருந்தது.

மழை விட்டதும் பறவைக் காட்சிக்குப் போனோம். அமிகோ என்ற அமேசான் கிளி மூன்று மொழியில் பாடுமாம். அப்பா கவனமாகக் கேட்டுவிட்டு, “நாட்டுக்கு நாலு மொழி. இவன் மூணோட நிறுத்திட்டானே” என்றார், பக்கத்து வரிசைக்கும் கேட்கும்படி. முன்னால் இருந்த தமிழ்க் குடும்பம் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது.

பறவைகள் எல்லாம் சிங்கப்பூரின் வடக்கே இருக்கும் மண்டாய்க்குப் போகவிருந்தன. அங்கே விலங்குத் தோட்டம், இரவுச் சஃபாரி எல்லாவற்றோடும் சேர்த்துப் புதிய இடம். கூண்டுகள் நவீனமாக இருக்கும், பறவைகளுக்கு நல்லது என்றார்கள். பழைய இடம் அரை நூற்றாண்டு பழசு, பராமரிப்பது சுலபமில்லை என்பதும் புரிகிறது. நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் மேற்கில் வேலை பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு ஒரே பேருந்தில் போய்வர முடிந்த இடம் இனி இல்லை. அதற்கு ஈடாக ஜூரோங்குக்கு என்ன வரும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

அதோடு, சிங்கப்பூர்த் தமிழர்களிடம் மண்டாய் என்றால் அது விலங்குத் தோட்டம் மட்டுமில்லை, தகனச்சாலையும்தான். அம்மாவை அங்கேதான் கொண்டு போனோம். “அவரை மண்டாய்க்குக் கொண்டுபோயாச்சு” என்றால் எங்கள் வீட்டில் யாரும் கரடி பார்க்கப் போனதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அன்று திரும்பும்போது 194இல் அப்பா இதையே சொன்னார்: “எல்லாம் கடைசியில அங்கதான் போகுது.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த முறை ஓட்டுநர் வேறு ஆள், சீனர், பேசவே இல்லை. ஆனால் அதே மாதிரி இறங்கி வந்து சாய்தளத்தைப் போட்டார், பிரேக்கை ஆட்டிப் பார்த்தார்.

மாலை பூன் லே பிளேஸ் உணவங்காடியில் நாசி லெமாக். விலை ஏறியிருக்கிறது. ஜனவரியிலிருந்து பொருள் சேவை வரி 7இலிருந்து 8 ஆகிறது, இன்னும் ஏறும் என்றார் கடைக்காரர். சம்பல் மட்டும் பழைய சம்பல்தான்.

2023 மே 8ஆம் தேதி மண்டாயில் புதிய பறவைப் பூங்கா திறந்தது. அன்று இரவே அப்பா கூப்பிட்டார். செய்தியில் பார்த்தாராம், கூண்டெல்லாம் பெரிதாக இருக்கிறதாம், பென்குவினுக்குத் தனி வீடாம். எல்லாம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார்.

“நீ அடுத்து வர்றப்போ போகலாம். ஜூரோங்லேர்ந்து எத்தனை பஸ் மாறணும்னு இப்பவே பார்த்து வெய்யி.”

“சரிப்பா.”

“உயிரோட போறதுக்குத்தான் சொல்றேன். இன்னொண்ணுக்கு அவங்களே வண்டி அனுப்புவாங்க.”