மானுமென்ட் வேலி: சொந்தக் காரா, வழிகாட்டியின் ஜீப்பா?

அமெரிக்காவின் அரிசோனா-யூட்டா மாநில எல்லையில் இருக்கும் செம்பாறைப் பள்ளத்தாக்கான மானுமென்ட் வேலி, நவாஹோ பழங்குடி மக்களின் நிலம். அமெரிக்க தேசியப் பூங்கா அல்ல என்பதால் அந்தப் பூங்காக்களின் வருடப் பாஸ் இங்கே செல்லாது.

உள்ளே 27 கி.மீ. மண்சாலை. சொந்தக் காரில் போகலாம். மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. வருகையாளர் மையத்திலிருந்து இறங்கும் முதல் சரிவிலேயே பள்ளமும் மேடும்தான். தாழ்வான காரின் அடிப்பாகம் தட்டும், தளர்ந்த மணலில் சக்கரம் புதையும். மழை பெய்திருந்தால் போகவே வேண்டாம்.

எங்கள் ஓட்டு நவாஹோ வழிகாட்டியின் ஜீப்புக்கே. பிக் ஹோகன் என்ற குகை போன்ற பாறைக் குடைவு முதலான இடங்களுக்கு அவர்களோடு மட்டுமே போக முடியும். அங்கே சரிந்த பாறையில் முதுகைச் சாய்த்து அண்ணாந்து பார்த்தால், கூரையின் வட்டத் துளை வழியே நீலவானம். இதற்காகவே காசு கொடுக்கலாம். திறந்த ஜீப்பில் செம்புழுதி அப்பும். மூக்கை மூடத் துணியும் கேமராவுக்கு உறையும் அவசியம்.

நேரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கோடையில் நவாஹோ நிலத்தின் கடிகாரம் மற்ற அரிசோனாவைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடும். கைபேசியை நம்பாமல், எந்த நேரக் கணக்கு என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

நவாஹோக்களின் மரபு வீடான ஹோகனின் வாசல் கிழக்கு நோக்கியிருக்கும். உள்ளே வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். ஆட்களைப் படமெடுக்குமுன் அனுமதி கேளுங்கள். மது, டிரோன், பாறையேற்றம் மூன்றுக்கும் தடை. கல்லையோ உடைந்த பானைத் துண்டையோ எடுத்து வராதீர்கள்.