நம்பர் பிளேட் ஸ்க்ரூ நிற்கவில்லை என்று போனேன், கேமரா வயரையும் சேர்த்து அறுத்துவிட்டார்கள்

காரின் நம்பர் பிளேட் ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காமல் சும்மா சுற்றுகிறது என்று யாராவது ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பினால், முதலில் இதைப் படித்துவிட்டுப் போங்கள். சின்ன வேலைதான். அதற்குள் எத்தனை தில்லுமுல்லு பண்ணலாம் என்று எனக்குக் காட்டிவிட்டார்கள்.

என் காரில் பின்பக்கப் பிளேட்டின் இடது ஸ்க்ரூ பிடிப்பு விட்டுப்போயிருந்தது. டிக்கியை மூடினால் பிளேட் அதிரும், கரடுமுரடான சாலையில் கடகடவென்று சத்தம் வரும். ஒர்க்‌ஷாப்பில் வண்டியை வாங்கியவர் ஸ்க்ரூவை விரலால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார், அவ்வளவுதான். "மரை போயிடுச்சு. உள்ளே பிராக்கெட்டையே மாத்தணும். முன்னாடியும் பார்த்தேன், அதுவும் போகப் போகுது. பம்பரை மாத்திட்டீங்கன்னா தொல்லையே இருக்காது" என்றார். பம்பர் வேண்டாம், பின்னாடி மட்டும் பாருங்கள் என்று சொன்னேன். திரும்பி வந்தபோது பிளேட் அசையாமல் நின்றது. பில்லில் பிராக்கெட், நட் செட், கூலி என்று மூன்று வரி.

அடுத்த வாரத்திலேயே ரிவர்ஸ் கேமரா போய்விட்டது. திரையில் கறுப்புதான் தெரிந்தது. பிளேட் லைட்டும் டிக்கியை அறைந்து மூடினால் எரியும், இல்லாவிட்டால் எரியாது. திரும்பப் போய்க் கேட்டால், "அது எலெக்ட்ரிக்கல், எங்க வேலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை, கேமரா புதுசா போடணும்" என்று பதில். இங்கேதான் சந்தேகம் வந்தது. லைட்டும் கேமராவும் ஒன்றாகக் கெட்டுப்போக என்ன அவசியம்?

வேறொரு எலெக்ட்ரீஷியனிடம் காட்டினேன். அவர் டிக்கி மூடியின் உள்பக்க அட்டையைக் கிளிப் கிளிப்பாகக் கழற்றினார். உள்ளே, ஒரு விரற்கடை நீளத்துக்கு ஸ்க்ரூவின் கூர்முனை நீட்டிக்கொண்டு நின்றது. அதற்கு நேர் எதிரே வயர்க்கட்டு. மேலே சுற்றியிருந்த கறுப்புத் துணி டேப் கிழிந்து நாராகத் தொங்கியது. ஒரு வயரின் உறை உரிந்து செம்பு தெரிந்தது, இன்னொன்று முக்கால்வாசி அறுந்திருந்தது. மாற்றியதாகச் சொன்ன பிராக்கெட் மாற்றப்படவே இல்லை. மாற்றுவதற்கு அந்த இடத்தில் பிராக்கெட் என்று ஒன்றும் கிடையாது. மூடியின் தகட்டில் ஒரு சதுர ஓட்டை, அதற்குள் ஒரு நைலான் கட்டை, அவ்வளவுதான். அந்தக் கட்டையை உடைத்து உள்ளே தள்ளிவிட்டு, நீளமான செல்ஃப் டாப்பிங் ஸ்க்ரூவை (தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் கூர்முனை ஸ்க்ரூ) மெஷினால் ஏற்றியிருக்கிறார்கள். உடைந்த துண்டுகள் மூடிக்குள்ளேயே உருண்டுகொண்டிருந்தன. ஓட்டையைச் சுற்றிச் சூப்பர் குளூ பூசியதற்கு அடையாளமாக வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது.

கேமராவில் கோளாறே இல்லை. வயரைச் சேர்த்துச் சுற்றியதும் படம் வந்துவிட்டது.

விஷயம் என்னவென்றால், பெரும்பாலான கார்களில் பிளேட் ஸ்க்ரூ பாடித் தகட்டில் நேராக ஏறுவதில்லை. தகடு 1 மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது, அதில் மரை வெட்டினாலும் நிற்காது. அதனால் ஒன்று நைலான் கட்டை இருக்கும், இல்லையென்றால் தகட்டுக்குப் பின்னால் வெல்ட் செய்த நட் இருக்கும். நைலானில் மரை தேய்ந்தால் கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதே அளவில் புதுசு அழுத்தினால் முடிந்தது. உதிரிபாகக் கடையில் கைநிறையக் கிடைக்கிற, இருப்பதிலேயே மலிவான சாமான்களில் அது ஒன்று. ஸ்க்ரூவோடு சேர்ந்து கட்டையே சுற்றினால் அதன் மூலைகள் மழுங்கிவிட்டன என்று அர்த்தம். அதற்கும் அதே வைத்தியம்தான்.

வெல்ட் நட்டில் மரை போனால் கொஞ்சம் வேலை உண்டு. லேசாகச் சிதைந்திருந்தால் டாப் (மரை வெட்டும் கருவி) விட்டு மரையைச் சுத்தம் செய்தாலே போதும். நிறைய கார்களில் எம்-6 ஸ்க்ரூ, அதாவது 6 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1 மி.மீ. இடைவெளி. கால் அங்குல ஸ்க்ரூ பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும்; ஆனால் அது 6.35 மி.மீ., மரை இடைவெளி 1.27 மி.மீ. கையால் ஏற்றினால் ஒன்றிரண்டு சுற்றிலேயே மக்கர் பண்ணும். அதைப் பொருட்படுத்தாமல் மெஷினை வைத்து அழுத்தினால் நட்டின் மரை முழுக்கப் போய்விடும். பாதி ஓட்டைகள் இப்படித்தான் கெடுகின்றன என்று எலெக்ட்ரீஷியன் சொன்னார், எனக்கும் நம்பத் தோன்றுகிறது. ஸ்க்ரூவை முதலில் எதிர்ப்பக்கமாக மெதுவாகச் சுற்ற வேண்டும், மரையும் மரையும் பொருந்தும்போது லேசாக ஒரு 'டிக்' தெரியும், அதற்கப்புறம்தான் முறுக்க வேண்டும். இதைச் செய்கிற மெக்கானிக்கைக் கண்டால் விடாதீர்கள்.

மரை முழுசாகப் போயிருந்தால் ரிவெட் நட் போடலாம். ஓட்டையை அளவாகப் பெரிதாக்கி, உள்ளே மரை வெட்டிய ஒரு குழாயை விட்டு, அதற்கான கருவியால் இழுத்தால் பின்பக்கம் பிதுங்கித் தகட்டைக் கவ்விக்கொள்ளும். எம்-6 ரிவெட் நட்டுக்குப் பொதுவாக 9 மி.மீ. ஓட்டை வேண்டும். துளைத்த விளிம்பில் பிரைமர் தொட்டு வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் துரு அங்கேதான் ஆரம்பிக்கும். பிளாஸ்டிக் பம்பருக்கு, ரப்பர் உறைக்குள் பித்தளை மரை வைத்த நட் வருகிறது. முறுக்க முறுக்க ரப்பர் பின்னால் உப்பிப் பிடித்துக்கொள்ளும். தகட்டின் ஓரம் எட்டுகிற இடமானால் யு வடிவக் கிளிப் நட்டைச் செருகினாலே போதும். ஹெலிகாயில், அதாவது தேய்ந்த மரைக்குள் வைக்கும் கம்பிச்சுருள், போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கனமான உலோகத்துக்கு அது அருமையான வேலை, மெல்லிய தகட்டில் பிடிக்க அதற்கு இடமே கிடையாது.

சூப்பர் குளூவையும் நம்ப வேண்டாம். பம்பர்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக், அதில் பசை சரியாக ஒட்டவே ஒட்டாது. ஒட்டுகிற இடத்திலும் அது காய்ந்தால் நொறுங்கும் தன்மை கொண்டது, அதிர்வு தாங்காது.

நீள ஸ்க்ரூ விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். டிக்கிப் பக்கம் வயர், பூட்டு, கேமரா எல்லாம் பிளேட்டுக்குப் பின்னாலேயே இருக்கின்றன. முன்பக்கம் சில வண்டிகளில் பம்பரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஏசி கண்டென்சர் (ஏசி கேஸின் சூட்டை வெளியே விடும் பாகம்) இருக்கும். அதில் முனை பட்டால் கேஸ் போய்விடும். பழைய ஸ்க்ரூவைக் கையில் வாங்கி, புதியதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீளம் கூடுதலாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். மாற்றிய பாகத்தின் பழசைத் திருப்பிக் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் 'பிராக்கெட்' நாடகம் அங்கேயே முடிந்திருக்கும். பம்பரையே மாற்றச் சொன்னால், ஓட்டையின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். பம்பர் கிழிந்தோ விரிந்தோ இருந்தால் ஒழிய, ஒரு ஸ்க்ரூவுக்காக அதை மாற்ற வேண்டிய தேவை வராது. ஒருமுறை பூட்டினால் கழற்றவே முடியாத ஆணி போட்ட பிளேட் என்றால் மட்டும் வழி வேறு. அதைப் பொருத்த அதிகாரம் உள்ளவரிடம்தான் போக வேண்டும்.

கடைசியில் என் காரில் இரண்டு பக்கமும் புது நைலான் கட்டை, அளவான துருப்பிடிக்காத ஸ்க்ரூ, பிளேட்டுக்கும் பாடிக்கும் நடுவே மெல்லிய ரப்பர் வாஷர். முன்பக்கமும் அப்படியே செய்தாகிவிட்டது, பம்பர் பழையதுதான். அறுந்த வயரின் படத்தையும் பில்லையும் அந்த ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினேன். கூலியை மட்டும் திருப்பித் தருவதாகப் பேசினார்கள். போடாத பிராக்கெட்டுக்கு வாங்கிய பணமும் வயர் வேலைக்கு ஆன செலவும் வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. வந்தால் இதே பதிவில் சேர்க்கிறேன்.