வாக்கீனா, அபதாரா: வியாபாரச் சாமிக்குக் கிளெரிக் போடும் முன்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டின் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில் வாக்கீன். அதே ரக விளையாட்டான பாத்ஃபைண்டரில் அபதார். பணமும் வியாபாரமும் இருவர் பொறுப்பிலும் உண்டு. கிளெரிக் என்றால் இப்படி ஒரு சாமியின் அருளால் மந்திரம் போடும் பாத்திரம். வாக்கீன் பேரம் பேசுகிறவள். சின்னம் அவள் முகம் பொறித்த பொற்காசு. அபதார் 'கறார் விலை' பலகை மாட்டிய கடைக்காரர் ரகம். சின்னம் பொன் சாவி, கோவில்களே வங்கியாகவும் நடக்கும்.

வாக்கீனுக்கு 5ஆம் பதிப்பின் 2014 விதிகள் சொல்லும் டொமைன்கள் (கிளெரிக் தேர்ந்தெடுக்கும் துறைகள்) நாலெட்ஜும் (அறிவு) டிரிக்கரியும் (தந்திரம்). பெயரைப் பார்த்து டிரிக்கரிக்குத்தான் பலரும் ஓடுவார்கள். அதில் கிடைக்கும் சார்ம் பெர்சன் என்ற மயக்கு மந்திரத்தைக் கடைக்காரர்மேல் போட்டால் ஒரு மணி நேரம் காரியம் நடக்கும். முடிந்ததும் தன்னை மயக்கியது யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்த ஊரில் அப்புறம் யாவாரம் ஏது? நாலெட்ஜ்தான் தோது. மாயப் பொருள் என்னவென்று சொல்லும் ஐடென்டிஃபை மந்திரம் எப்போதும் கையில் இருக்கும். 100 பொற்காசு பெறுமான முத்து ஒன்று வேண்டும், ஆனால் அது தீராது. சடங்காகச் செய்தால் ஸ்லாட்டும் (மந்திரம் போடக் கிடைக்கும் ஒதுக்கீடு) செலவாகாது. 6ஆம் லெவலில் ரீட் தாட்ஸ் வரும்: 60 அடிக்குள் இருப்பவர் சேவிங் த்ரோவில் (விளைவைத் தடுக்க உருட்டும் பகடை) தோற்றால், ஒரு நிமிடத்துக்கு அவர் மனதில் ஓடும் மேலோட்டமான எண்ணம் தெரியும். அந்த நிமிடத்தில் "கடைசியா என்ன விலைக்குத் தருவீங்க?" என்று கேளுங்கள். வாய் ஒன்று சொல்லும், மனதில் வேறு தொகை ஓடும்.

ஒப்பந்தம் எழுதும்போது, பொய்யைத் தடுக்கும் ஜோன் ஆஃப் ட்ரூத் மந்திரம். 3ஆம் லெவல் கிளெரிக்குக்கே எட்டும். 15 அடி ஆரம், 10 நிமிடம். யார் சேவிங் த்ரோவில் தப்பினார், யார் சிக்கினார் என்பது போட்டவருக்குத் தெரியும். சிக்கினவர் பொய் சொல்ல முடியாது, ஆனால் மழுப்பலாம். அதனால் ஆமாம்-இல்லை என்று முடிகிற கேள்வியாகவே கேட்க வேண்டும். பாத்ஃபைண்டர் 2இல் இதே வேலைக்கான மந்திரம் 3ஆம் ரேங்க் (மந்திரத்தின் படிநிலை, கிளெரிக்கின் லெவல் அல்ல), அதுவும் 'அன்காமன்'; ஜிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) சம்மதம் வாங்கியாக வேண்டும்.

வாக்கீனிடம் ஒரு சிக்கல், காலக் கணக்கு. 1358இல் (டேல் ரெக்கனிங், அந்த உலகத்தின் ஆண்டுக் கணக்கு) காணாமல் போனவள் 1371இல்தான் திரும்புகிறாள். நடுவில் அவள் பொறுப்பைப் பார்த்துக்கொண்டது லீரா என்ற இன்னொரு தெய்வம். கதை அந்த ஆண்டுகளில் நடந்தால் டிஎம்மிடம் (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஆட்டத்தை நடத்துபவர்) முதலிலேயே பேசிவிடுங்கள்.

அபதாரிடம் சிக்கல் குழுவுக்குள்ளேயே வரும். திருட்டு, வழிப்பறி, கடற்கொள்ளை எல்லாம் அனதீமா, அதாவது அந்தச் சாமி விலக்கியவை. அளவுக்கு மீறி இவற்றைச் செய்தால் கிளெரிக் தன் மந்திரத்தையே இழப்பார். பரிகாரம் செய்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். பெட்டி உடைக்கிற ரோக் உள்ள குழுவுக்கு இவர் ஒத்துவர மாட்டார். டொமைன்களில் நகரம், நிலம், பயணம், செல்வம் நான்கும் உண்டு.

சண்டை என்று வந்தால் அபதாரின் ஆயுதம் குறுக்குவில். வார்பிரீஸ்ட் (சண்டைக்கான கிளெரிக் வகை) எடுத்தால் டெட்லி சிம்ப்ளிசிட்டி என்ற திறனால் அதன் சேதத்துக்கான டி8 (எட்டு முக) பகடை டி10 ஆகும். ஆனால் ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் மூன்று செயல்களில், அம்பு பூட்டவே ஒரு ஆக்‌ஷன் போய்விடும். மந்திரங்கள் பெரும்பாலும் இரண்டு ஆக்‌ஷன். மிச்சம் ஒன்றில் எய்யலாம், இல்லை பூட்டலாம். ஆக, மந்திரம் போடுகிற சுற்றுகளில் ஒன்றுவிட்டு ஒரு சுற்றுக்குத்தான் அம்பு பறக்கும்.