‘ஃபைல் காணவில்லை’ என்று வந்ததும் தேடலில் வரும் எண்ணுக்கு அழைக்காதீர்கள்: எனக்கு 6,500 போனது

நேற்று இரவு பத்து மணிக்குத்தான் என் லேப்டாப்புக்கு மறுபடி உயிர் வந்தது. பணம் வரவில்லை. 6,500. இனி வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், அதனால் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தளத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் நாளைக்கே வேறு பெயரில் கடை விரிப்பார்கள். வகையைச் சொல்கிறேன்: ‘காணாமல் போன டிஎல்எல் ஃபைலை (மென்பொருள்கள் ஓடுவதற்குத் துணையாக இருக்கும் ஃபைல்) மீட்டுத் தருகிறோம், ஸ்கேன் இலவசம்’ என்று சொல்லி, பக்கத்தின் தலையிலேயே ஒரு ஃபோன் நம்பரைப் பெரிதாகப் போட்டிருப்பார்களே, அந்த வகை. இந்தப் பிரச்சினை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் வரிசையாக எழுதுகிறேன்.

போன ஞாயிறு, பழைய ஸ்கேனர் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு அதன் மென்பொருளையும் லேப்டாப்பிலிருந்து எடுத்தேன். திங்கள் காலை கடவுச்சொல் போட்டு உள்ளே போனதும் நடுத்திரையில் ஒரு சின்னப் பெட்டி. மேலே ‘ரன்டிஎல்எல்’ என்று தலைப்பு. உள்ளே ஏதோ ஒரு நீளமான ஃபைல் பெயர், அதற்குக் கீழே ‘தி ஸ்பெசிஃபைடு மாட்யூல் குட் நாட் பி ஃபவுண்ட்’, அதாவது அந்த ஃபைலைக் காணவில்லை. ஓகே தட்டினேன், பெட்டி போய்விட்டது. எல்லாம் வழக்கம்போல் ஓடியது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் வழக்கம்போல் ஓடியது. அதோடு விட்டிருந்தால் எனக்கு இந்தப் பதிவே இல்லை.

செவ்வாய்க்கிழமையும் அதே பெட்டி. எனக்கு வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை. வெள்ளிக்கிழமை ஒரு பெரிய கோப்பை முடித்துக் கொடுக்க வேண்டும். நடுவில் இது படுத்துவிட்டால் என்ன செய்வது என்று பயம் பிடித்துக்கொண்டது. அந்த ஃபைல் பெயரை அப்படியே தேடினேன். முதலில் வந்தது விளம்பரம். விளம்பரம் என்று சின்ன எழுத்தில் போட்டும் இருந்தது, நான் பார்க்கவில்லை. உள்ளே போனால், நான் தேடிய ஃபைல் பெயரே தலைப்பாக இருந்தது. நமக்காகவே எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எந்த ஃபைல் பெயரைத் தேடினாலும் அதையே தலைப்பில் ஒட்டிவிடும் பக்கமாம் அது. இது எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

இலவச ஸ்கேன் ஓடியது. 1,847 பிழைகள். எல்லாம் சிவப்பில். கை தானாக ஃபோனுக்குப் போனது.

எடுத்தவர் தமிழில்தான் பேசினார். அதுவே பாதி நம்பிக்கை. குரலில் அவசரமே இல்லை. “பதறாதீங்க மேடம், டேட்டா எதுவும் போகல. ஒரு ஆப் சொல்றேன், இறக்குங்க, நான் உள்ள வந்து பார்த்துடறேன்” என்றார். இறக்கினேன். திரையில் வந்த ஒன்பது இலக்க எண்ணைப் படித்துக் காட்டினேன். மவுஸ் அம்பு தானாக நகர ஆரம்பித்தது.

நகர்ந்த அம்பு சட்டென்று நின்றது. “அப்பாவா மேடம்?” என்றார். திரையின் பின்புலத்தில் என் அப்பாவின் படம் வைத்திருக்கிறேன், போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆமாம் என்றேன். “உங்க பேச்சுலயே தெரியுது மேடம், அப்பா செல்லம்னு. இந்த ஃபோட்டோ எல்லாம் பத்திரமா இருக்கணும்ல, அதுக்குத்தான் சொல்றேன்” என்றார். நான் அழாத குறை. அந்த ஆள் அதற்கப்புறம் என்ன கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அவனும் அதைத் தெரிந்துதான் கேட்டான். (இது வரைக்கும் ‘அவர்’ போட்டதே அதிகம்.)

அடுத்து ‘ஈவென்ட் வியூவர்’ என்று ஒன்றைத் திறந்தான். சிவப்பு, மஞ்சள் அடையாளங்களோடு நூற்றுக்கணக்கில் வரிகள். “பாருங்க மேடம், ஒவ்வொண்ணும் ஒரு சிஸ்டம் ஃபைல் சேதம். இன்னும் ரெண்டு நாள் தாங்கும், அவ்வளவுதான்.” இப்போது சொல்கிறேன், நன்றாக ஓடும் எந்த விண்டோஸ் கம்ப்யூட்டரில் அதைத் திறந்தாலும் அப்படித்தான் இருக்கும். சின்னச் சின்ன விஷயத்தையெல்லாம் எழுதி வைக்கும் குறிப்பேடு அது. பின்னணியில் ஓடும் ஒரு சேவை குறித்த நேரத்தில் தொடங்காவிட்டாலும் அதில் ஏறிவிடும். அன்றைக்கு எனக்கு அது மருத்துவமனை ரிப்போர்ட் மாதிரித் தெரிந்தது.

வாழ்நாள் பாதுகாப்புத் திட்டம், 6,500. ஒரே ஒரு தடவைதான், இனி வாழ்க்கையில் ஃபைல் தொலையாது. கார்டு எண்ணை நானே தட்டினேன். அவன் என் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டினேன். ஃபோனுக்கு வந்த ரகசிய எண்ணையும் நானே போட்டேன். 6,500 போன செய்தி வந்தது. “சக்ஸஸ் மேடம்” என்றான். விண்டோஸின் அமைப்புக் குறிப்புகளைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ஏதோ ரெஜிஸ்ட்ரி கிளீனரை ஓட்டினான், கருப்புச் சன்னலில் என்னென்னவோ வேகமாகத் தட்டினான். “இப்ப ரீஸ்டார்ட் ஆகும், நான் லைன்ல இருக்கேன்” என்றான்.

ரீஸ்டார்ட் ஆனது. வந்தது நீலத்திரை. ‘யுவர் பிசி நீட்ஸ் டு பி ரிப்பேர்டு’. கீழே பூட் கான்ஃபிகரேஷன் டேட்டா (விண்டோஸ் தொடங்குவதற்கான குறிப்புகள்) இல்லை அல்லது பழுதாகியிருக்கிறது என்று ஒரு வரி, பக்கத்தில் பூஜ்யம் எக்ஸ் சி, ஆறு பூஜ்யம், கடைசியில் எஃப் என்று ஒரு குறியீடு. ஓகே தட்டினால் போகிற பெட்டியோடு வந்தவள் நான். இப்போது அப்பா படமும் இல்லை, ஒன்றும் இல்லை.

லைனில் இருக்கிறேன் என்றவன் இல்லை.

திரும்ப அழைத்தேன். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ என்று இருபது நிமிஷம் பாட்டு. அப்புறம் அவனே எடுத்து, “அப்டேட் ஓடுது மேடம், அரை மணி நேரம் அப்படியே விடுங்க” என்றான். விட்டேன். காலை வரை விட்டேன்.

புதன்கிழமை வேறு குரல். அந்த எஞ்சினியர் ஷிஃப்ட் முடிந்து போய்விட்டாராம். டிக்கெட் நம்பர் கொடுத்தார்கள். 24 மணி நேரத்தில் மூத்த எஞ்சினியர் அழைப்பாராம். அழைக்கவில்லை. மாலையில் ஃபோனிலிருந்து சாட்டில் போனேன். அங்கே கேட்ட கேள்வியை என் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்வேன்: “உங்கள் டெஸ்க்டாப்பில் உள்ள லாக் ஃபைலை இணைத்து அனுப்புங்கள்.” டெஸ்க்டாப்பே வரவில்லை என்று எழுதினேன். “புரிகிறது. லாக் ஃபைலை இணைத்தால் விரைவாக உதவ முடியும்” என்று பதில். மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் அதே பதில்.

வியாழக்கிழமை மூத்த எஞ்சினியர் என்று ஒரு அம்மா பேசினார். நான் வாய் திறப்பதற்குள், “உங்க ஹார்டு டிஸ்க் போயிடுச்சு மேடம். அது எங்க பிளான்ல வராது. ஹார்டுவேர் பிளான் தனி” என்றார். நீங்கள் உள்ளே வருகிற வரைக்கும் நன்றாகத்தானே ஓடியது என்று கேட்டேன். “அது கோஇன்சிடென்ஸ் மேடம்.” அந்த வார்த்தை இன்னும் காதிலேயே நிற்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டு மெயில் போட்டேன். தொலைவழிச் சேவை தொடங்கிவிட்டதால் கட்டணம் திரும்பத் தரப்படாது என்று இரண்டு நிமிஷத்தில் பதில். அந்த வேகம் மட்டும் எங்கிருந்து வந்ததோ. வங்கியில் கார்டை முடக்கினார்கள், புகாரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ரகசிய எண்ணை நானே போட்டிருப்பதால் அந்த 6,500 திரும்புவது கஷ்டம் என்பதையும் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கெடு போனது. அதை இங்கே எழுத வேண்டாம், வேலை கொடுத்தவரும் படிப்பார்.

நேற்று என் சித்தப்பா மகன் வந்தான். இந்த வேலையில் பழகியவன். அவனை ஏன் முதலிலேயே கூப்பிடவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். சனிக்கிழமைதான் அவனுக்கு விடுமுறை, சின்ன விஷயத்துக்குத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று நினைத்தேன். சின்ன விஷயம்!

அவன் கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருகிற மீடியா கிரியேஷன் டூலை வைத்து ஒரு 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸைப் போட்டு எடுத்து வந்திருந்தான். அதிலிருந்து திறந்து, நிறுவுகிற பொத்தானைத் தொடாமல் ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’ என்பதற்குள் போனான். உடனே ஒரு 48 இலக்க எண் கேட்டது. பிட்லாக்கராம், டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் பூட்டி வைக்கிற விண்டோஸின் பூட்டு. என் லேப்டாப்பில் அப்படி ஒரு பூட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் பதிந்திருந்ததால் பிழைத்தேன். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லைத் தேடியதில்தான் அரை மணி நேரம் போனது.

ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஒன்றும் செய்யவில்லை. கட்டளை தட்டுகிற கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, டிஸ்க்கில் பூட் ஃபைல்கள் இருக்கிற குட்டிப் பகுதிக்கு சி, டி மாதிரி ஒரு எழுத்தைக் கொடுத்து, பிசிடிபூட் என்று ஒரே கட்டளை தட்டினான். ‘பூட் ஃபைல்ஸ் சக்ஸஸ்ஃபுலி கிரியேட்டட்’. அவ்வளவுதான். (அங்கே விண்டோஸ் இருக்கிற டிரைவ் சி என்று வராமல் டி என்று வரலாம், பார்த்துத்தான் தட்ட வேண்டும் என்றான்.) ரீஸ்டார்ட் ஆனதும் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். போய்விட்டதாகச் சொன்ன ஹார்டு டிஸ்க்கைச் சோதித்தான், அதில் ஒரு குறையும் இல்லை.

கூடவே நம்ம பழைய பெட்டியும் வந்து நின்றது. 6,500 கொடுத்தும் அது போகவில்லை பாருங்கள்!

அவன் முதலில் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் ஓட்டினான். விண்டோஸ் தன் சொந்த ஃபைல்களைத் தானே சரிபார்க்கிற கருவி, விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இருக்கிறதாம். ஒரு ஃபைலிலும் குறை இல்லை என்று வந்தது. 1,847 என்று சொன்னார்களே, அது பூஜ்யம். அப்புறம் ஆட்டோரன்ஸ் என்று மைக்ரோசாஃப்ட் தருகிற இன்னொரு இலவசக் கருவியைத் திறந்தான். விண்டோஸ் தொடங்கும்போது எதெதெல்லாம் கூடவே ஓடுகிறதோ எல்லாவற்றையும் அது காட்டுகிறது. ஒரே ஒரு வரி மஞ்சளில், ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’. நான் எடுத்த ஸ்கேனர் மென்பொருள் போகும்போது ஃபைலைக் கொண்டுபோய்விட்டது, ‘தொடங்கியதும் இதை ஓட்டு’ என்ற உத்தரவை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. விண்டோஸும் தினமும் காலையில் அந்த ஃபைலைத் தேடிவிட்டு, காணோம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறது.

“சிஸ்டம் ஃபைலே இல்லைக்கா இது” என்று டிக்கை எடுத்தான். பெட்டி அதோடு போயிற்று. ஒரு டிக்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, 2002-இல் நடந்த ஒன்றைச் சொன்னான். கரடிப்பொம்மைப் படம் போட்ட ஒரு ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும், அது வைரஸ், உடனே அழியுங்கள், நண்பர்களுக்கும் சொல்லுங்கள் என்று ஒரு மெயில் உலகம் முழுக்கச் சுற்றியதாம். நிறையப் பேர் தேடிப் பார்த்திருக்கிறார்கள், கரடியும் இருந்திருக்கிறது, அழித்துவிட்டார்கள். அது விண்டோஸோடு வந்த நல்ல ஃபைல்தான். “அவங்களாவது ஓசியில ஏமாந்தாங்க” என்றேன்.

சரி, வரிசையாக எழுதுகிறேன் என்றேன். மணி ஒன்றாகப் போகிறது, பாக்கி வேலை அப்படியே கிடக்கிறது. நினைவுக்கு வருவதைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே போன பிறகு பெட்டி வந்தால் பயப்பட அவசரமில்லை, கடைசியாக எந்த மென்பொருளை எடுத்தீர்கள் என்று யோசியுங்கள். விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே கருப்பிலோ நீலத்திலோ செய்தி வந்தால்தான் பூட் விஷயம். அப்போதும் முதலில் பென் டிரைவ் ஏதாவது செருகியிருக்கிறதா என்று பாருங்கள், சில சமயம் அவ்வளவுதானாம். மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச்செய்தியில் ஃபோன் நம்பர் இருக்கவே இருக்காது. டிஎல்எல்லைத் தனியாகத் தருகிற தளங்களில் எதையும் இறக்காதீர்கள். எம்எஸ்விசிபி, விசிரன்டைம் என்று தொடங்கும் ஃபைல் இல்லை என்று வந்தால், அந்த ஃபைல்கள் அடங்கிய விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற தொகுப்பு மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். பிட்லாக்கர் எண்ணை இன்றைக்கே எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அப்புறம், ஏற்கெனவே யாரையாவது உள்ளே விட்டிருந்தால் அந்த ரிமோட் ஆப்பை முதலில் எடுங்கள், கடவுச்சொற்களை வேறு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுங்கள். என் லேப்டாப்பில் அது நேற்று இரவு வரை இருந்தது, திறந்ததுமே தானாக இணைகிற மாதிரி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.