கொழிஞ்சாம்பாறை ரோட்டு டிரைவ் சர்வீஸ் கடை: நம்பிக் கூப்பிடலாம்

கோபாலபுரம் தாண்டி கொழிஞ்சாம்பாறை போகிற ரோட்டில், மோட்டார் காயில் கட்டும் கடைகளை ஒட்டி இருக்கிற டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற எலெக்ட்ரானிக் பெட்டி) சர்வீஸ் கடையைத்தான் சொல்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் நார் மில் வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மில்லில் 30 எச்பி மோட்டாரை ஓட்டுகிற டிரைவ், தேங்காய் மட்டை விழுந்து லோடு ஏறியதும் அண்டர்வோல்டேஜ் (வோல்டேஜ் குறைவு) காட்டி நின்றுவிடும். ரீசெட் பண்ணினால் சும்மா ஓடும், மட்டை போட்டால் மறுபடி அதே கதை. முதலில் வேறு இடத்திலிருந்து வந்து பார்த்தவர், இன்கமிங் 415 வோல்ட் இருக்கு, டிசி பஸ்ஸும் (டிரைவுக்குள் ஏசியை டிசியாக மாற்றித் தேக்குகிற பகுதி) 587 இருக்கு, அப்படியென்றால் போர்டு போச்சு, புது டிரைவ் வாங்கிடுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்தக் கடைத் தம்பி டிரைவைக் கழற்றவே இல்லை. "லோடு ஏத்துங்ணா, அப்பத்தான் தெரியும்" என்று டிஸ்ப்ளேயில் டிசி பஸ் அளவை வரவழைத்துவிட்டு மட்டை போடச் சொன்னார். 560 பக்கம் நிற்க வேண்டியது மளமளவென்று 400க்குக் கீழே இறங்கி ட்ரிப். அப்புறம் திரும்ப ஓட்டச் சொல்லி, டிரைவுக்குக் கரண்ட் விடுகிற சுவிட்சான மெயின் கான்டாக்டரில் ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸில் ஒவ்வொன்றுக்கும் மேல் டெர்மினலுக்கும் கீழ் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை வைத்தார். ஆர், பி இரண்டிலும் ஒன்றுமே இல்லை, ஒய்யில் மட்டும் ரீடிங் தாவித் தாவி 100 வோல்ட்டைத் தாண்டுகிறது! மெயினை ஆஃப் பண்ணித் திறந்து பார்த்தால் ஒய் கான்டாக்ட் கரிந்து, குழி விழுந்து, ஒரு ஓரத்தில் மட்டும்தான் தொட்டுக்கொண்டிருந்தது.

ஒரு ஃபேஸ் ஒழுங்காக வராவிட்டாலும் லோடு இல்லாதபோது மற்ற இரண்டு ஃபேஸே டிசி பஸ்ஸில் இருக்கிற கெபாசிட்டரை முழுசாக நிரப்பிவிடுமாம், அதனால்தான் சும்மா அளந்தால் 587 சரியாகக் காட்டும், மோட்டார் இழுக்க ஆரம்பித்ததும் ஈடுகொடுக்க முடியாமல் விழும். பொறுமையாக நின்று இதை எங்கள் ஆபரேட்டருக்கும் புரியவைத்தார், எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். டிரைவுக்குள், ஆன் பண்ணும்போது கெபாசிட்டரை மெதுவாக நிரப்புகிற சார்ஜிங் ரெசிஸ்டரை பைபாஸ் பண்ணுகிற ரிலே ஒட்டாவிட்டாலும் இதே ஃபால்ட் வரும் என்று, கெபாசிட்டர் இறங்கும்வரை காத்திருந்து பிளஸ் மைனஸில் அளந்து பார்த்த பிறகே உள்ளே கை வைத்து அதையும் சோதித்தார்.

கான்டாக்டர் மாற்றியதோடு முடிந்தது, டிரைவ் பழையதே ஓடுகிறது. கூலியும் நியாயம், கழற்றிய பழைய கான்டாக்டரைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பில் போட்டார்கள். கேரளா பக்கம் என்றாலும் தமிழ் தாராளமாகப் பேசுகிறார்கள். போன் எடுப்பதுதான் அபூர்வம். ஃபால்ட் காட்டுகிற டிஸ்ப்ளேயை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள், அவர்களே கூப்பிடுவார்கள்.