டிக்கெட்டின் படம் டிக்கெட் ஆகாது

ஸ்கேனரில் சிவப்பு எரிந்தது. கேட்டில் நின்ற தம்பி மறுபடி வைத்துப் பார்த்தார். மறுபடியும் சிவப்பு. "இந்த டிக்கெட்ல ஏற்கெனவே ஆள் உள்ளே போயாச்சு சார்" என்றார். என் பின்னால் அம்மா. இள வயதிலிருந்து கேட்டுவந்த பாடகரை ஒரு தடவையாவது நேரில் கேட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டவர். "பரவாயில்லப்பா, வா போகலாம்" என்று அவர் சொன்னதுதான் பணம் போனதைவிட வலிக்கிறது.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். விற்பனை தொடங்கிய சில நிமிடங்களில் டிக்கெட் தீர்ந்துவிட்டது. ரசிகர் குழு ஒன்றில் ஒருவர், "என்னால வர முடியல, பக்கத்துப் பக்கத்து சீட் ரெண்டு இருக்கு, வாங்கின விலைக்கே தரேன்" என்று போட்டிருந்தார். கூடுதலாகக் கேட்டிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். வாங்கின விலைக்கே என்றதும் நல்ல மனிதர் என்று நம்பிவிட்டேன். புக்கிங் மெயிலின் ஸ்க்ரீன்ஷாட், க்யூஆர் கோடைப் பாதி மறைத்த பிடிஎஃப், தன் அடையாள அட்டையின் படம் என்று கேட்காமலே எல்லாம் அனுப்பினார். "உங்களோடதும் அனுப்புங்க, யாருக்குக் கொடுக்கிறேன்னு எனக்கும் தெரியணும்ல" என்றார். நியாயமாகப் பட்டது. அனுப்பினேன்.

கார்டில் கட்டட்டுமா என்று கேட்டேன். "அதுல கமிஷன் பிடிப்பாங்க, நேரா அக்கவுண்டுக்குப் போட்டுடுங்க. இன்னும் ரெண்டு பேர் கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்றார். அக்கவுண்டில் இருந்த பெயர் வேறு, அடையாள அட்டையில் இருந்த பெயர் வேறு. கேட்டதற்கு, மச்சானின் அக்கவுண்ட் என்றார். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பணம் போன கையோடு முழு பிடிஎஃப் வந்தது. நிகழ்ச்சி நாள் காலைவரை மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால்தான் கடைசிவரை சந்தேகமே வரவில்லை.

கேட்டுக்குப் பக்கத்திலிருந்த உதவி மேசையில் என்னைப் போல இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அதே வரிசை, அதே சீட் எண். அப்போதுதான் புரிந்தது. ஒரே க்யூஆர் கோடைப் பலருக்கு விற்றிருக்கிறார். முதலில் யார் ஸ்கேன் செய்கிறாரோ அவருக்குக் கதவு திறக்கும். அத்தோடு அந்தக் கோடு 'பயன்படுத்தப்பட்டது' என்று கணினியில் பதிவாகிவிடும். அடுத்து வருகிறவரின் கையில் இருப்பது வெறும் படம். இந்தத் தில்லுமுல்லைத் தடுக்கத்தான் டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் 2019-இல் சேஃப்டிக்ஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. அதில் கோடு 15 விநாடிக்கு ஒருமுறை மாறும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து விற்க முடியாது. எல்லா இடத்திலும் இந்த வசதி இல்லை.

ஆகவே, இன்னொருவரிடம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், டிக்கெட் விற்ற நிறுவனத்தின் செயலியிலேயே ட்ரான்ஸ்ஃபர் அல்லது ரீசேல் இருக்கிறதா என்று பாருங்கள். முறையான ரீசேலில் பழைய கோடு ரத்தாகி, உங்கள் கணக்கில் புதுக் கோடு வரும். அப்படி வந்தால்தான் டிக்கெட் உங்களுடையது. நிகழ்ச்சி நடத்துகிறவர்களையும் கேட்கிறேன்: வர முடியாமல் போனவர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க நேர்மையான வழி ஒன்றை நீங்களே வைத்தால், எங்களைப் போன்றவர்கள் ஏன் முகம் தெரியாதவரிடம் போகிறோம்?

பிரிட்டனில் 2024-இல் டெய்லர் ஸ்விஃப்ட் கச்சேரிகள் தொடங்கும் முன்பே, டிக்கெட் மோசடியில் ரசிகர்கள் 10 லட்சம் பவுண்டுக்கு மேல் இழந்திருக்கலாம் என்று லாயிட்ஸ் வங்கி கணக்கிட்டது. பெரும்பாலும் சமூக வலைத்தளங்களில் தொடங்கிய பேரங்கள்தான். தேடலில் முதலில் வரும் விளம்பரங்களிலும் கவனம் வேண்டும். அசல் தளத்தைப் போலவே போலித் தளம் செய்து, பூட்டுச் சின்னத்தோடு வைக்கிறார்கள். அந்தப் பூட்டு, இணைப்பு பாதுகாப்பானது என்று மட்டும்தான் சொல்லும், தளத்தை நடத்துகிறவர் யோக்கியர் என்று சொல்லாது. கலைஞரின் அல்லது அரங்கின் சொந்தத் தளத்திலிருந்து போங்கள்.

வங்கியில் முறையிட்டேன். நானே விரும்பி அனுப்பிய பணம் என்பதால் திரும்பக் கிடைக்கவில்லை. கார்டில் கட்டியிருந்தால் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறும் முறை, கேட்டுப் பார்த்திருக்கலாம். ஏமாந்ததைக் குழுவில் எழுதியதும், "பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்கட்டணம் கட்டுங்கள்" என்று இரண்டு பேர் வந்தார்கள். அதுவும் மோசடிதான், பதிலே போடாதீர்கள்.

மூன்று வாரம் கழித்து, பழக்கமில்லாத பெண் ஒருவரிடமிருந்து மெசேஜ். "அண்ணா, நீங்க கொடுத்த டிக்கெட்ல உள்ளே விடல. என் பணத்தைக் கொடுத்துடுங்க." கூடவே ஒரு படம். என்னுடைய அடையாள அட்டை. எனக்கு விற்றவர் அதைத் தன்னுடையது என்று இந்தப் பெண்ணுக்கு அனுப்பியிருக்கிறார், இவர் அதிலிருந்த பெயரைத் தேடி என்னைப் பிடித்துவிட்டார். நடந்ததையெல்லாம் சொன்னேன், என் போலீஸ் புகாரின் நகலை அனுப்பினேன். அவர் நம்பினாரா, தெரியவில்லை.

எனக்கு வந்த அட்டையில் இருந்தவரும் அப்படி ஏமாந்த ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அவரைத்தான் நான் பெயரோடும் படத்தோடும் 'மோசடிக்காரர்' என்று குழுவில் போட்டிருந்தேன். அன்றிரவே அழித்துவிட்டேன். அதற்குள் அதைப் பலர் பகிர்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் எடுத்துவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.